தாப்பா ரோடு சந்திப்பும் தெலுக் ஆன்சன் கிளைத்தடமும்: ஒரு வரலாற்றுக் கண்ணோட்டம்

கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில், தேயிலைப் பசுமை சூழ அமைந்துள்ள ஊர் தானா ராத்தா. மலாய் மொழியில் ‘தானா’ என்றால் நிலம். ‘ராத்தா’ என்றால் சமம். மலைமேல் அமைந்த சமநிலம் என்பதே இவ்வூர்ப் பெயரின் பொருளாகும். இச்சமநிலத்திற்கு இருப்புப்பாதை என்றும் வந்ததில்லை. இரயில் வண்டியின் கூவல் இம்மலையில் ஒருநாளும் கேட்டதில்லை. எனினும், இம்மலையில் தேயிலை பயிரிட்டு, வீடு கட்டி, கோயில் எழுப்பி, குலம் தழைக்க வாழ்ந்த தமிழ் மக்களின் வரலாற்றை ஆராயப் புகுவோர் ஓர் இருப்புப்பாதைச் சந்திப்பைக் கண்டே தீருவர். அதுவே மலையடிவாரத்துக்கு மேற்கே, பேரா மாநிலத்தில் உள்ள தாப்பா ரோடு.

இன்று அவ்வழியே விரைந்து செல்லும் மின்சார இரயிலில் அமர்ந்திருப்போருக்கு, அங்கே ஒரு காலத்தில் இரு தடங்கள் பிரிந்தன என்பதைக் காட்டும் அடையாளம் எளிதில் புலப்படுவதில்லை. ஒரு தடம் வடக்கும் தெற்குமாக நீண்டு கிடந்தது. மற்றொரு தடம் மேற்கே திரும்பி, பேரா ஆற்றங்கரைத் துறைமுகமாகிய தெலுக் ஆன்சனை அடைந்தது. இன்று தெலுக் இந்தான் என வழங்கும் ஊர் அதுவே. அந்தச் சிறிய இணைப்புத் தடத்தின் கதை, ஈயத்தின் கதையாகத் தொடங்கி, மக்களின் கதையாக வளர்ந்து, மறதியின் கதையாக முடிந்துவிடுமோ என்னும் அச்சம் எழுகின்ற இக்காலத்தில், அதனை ஒருமுறை நினைவுகூர்தல் கடமையாகும்.

ஈயம் ஈன்ற இருப்புப்பாதை

மலாயாவில் முதல் இருப்புப்பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 1ஆம் நாள் திறக்கப்பெற்றது. தைப்பிங் நகரிலிருந்து போர்ட் வெல்ட் என்னும் கடற்கரைத் துறை வரை, எட்டு மைல் நீளமே கொண்ட பாதை அது. அதனை அமைக்க இலங்கையிலிருந்து ‘பயோனியர்’ படைப்பிரிவினர் வரவழைக்கப்பெற்றனர். அடுத்த ஆண்டிலேயே, 1886இல், கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையையும் இணைக்கும் பாதை திறக்கப்பெற்றது. 1891இல் சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சன் வரை மற்றொரு பாதை அமைந்தது. நான்காவதாக வந்ததே தெலுக் ஆன்சன் பாதை. 1893ஆம் ஆண்டில் தெலுக் ஆன்சனிலிருந்து தாப்பா ரோடு வரையிலும், பின்னர் 1895ஆம் ஆண்டளவில் ஈப்போ வரையிலும் அது நீட்டிக்கப்பெற்றது.

இந்நான்கு பாதைகளையும் வரைபடத்தில் வைத்துப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். அவை ஊரையும் ஊரையும் இணைக்க எழுந்தவையல்ல. ஒவ்வொன்றும் ஓர் ஈயச் சுரங்கப் பகுதியில் தொடங்கி, அருகிலுள்ள துறைமுகத்தில் முடிந்தது. நிலத்தின் அடியில் இருந்த செல்வத்தைத் தோண்டி, கப்பலில் ஏற்றி, கடல் கடந்து கொண்டு செல்வதே அவற்றின் நோக்கமாயிருந்தது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈய லம்பங்கள் அக்காலத்தில் பெயர் பெற்றவை. அங்கு எடுத்த ஈயமணல், மாட்டு வண்டியிலும் யானை முதுகிலும் ஆற்றுப் படகிலும் மெல்ல மெல்ல நகர்ந்து வந்த நிலையை மாற்றியது இப்பாதை. தெலுக் ஆன்சனில் ஏற்றப்பட்ட சரக்கு, நீராவிக் கப்பல்களில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றது. சிங்கப்பூரை ஒட்டிய பூலாவ் பிரானித் தீவில் 1890ஆம் ஆண்டு முதல் பெரிய ஈய உருக்காலை இயங்கி வந்தது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளவேண்டும்.

‘தாப்பா ரோடு’ என்னும் பெயரே ஒரு வரலாற்றுச் சான்றாகும். தாப்பா நகரம் இருப்புப்பாதையின்மீது அமைந்ததன்று. அது கிழக்கே, மலையடிவாரத்தை நோக்கிச் சில மைல் தள்ளி உள்ளது. தாப்பாவுக்குச் செல்லும் சாலையை ஒட்டி எழுந்த நிலையமாதலால் சாலையின் பெயரே நிலையத்தின் பெயராயிற்று. நிலையத்தின் பெயரே பின்னர் அங்கு வளர்ந்த ஊரின் பெயருமாயிற்று. சாலையும் இருப்புப்பாதையும் சந்தித்த இடமே ஓர் ஊரைப் பெற்றெடுத்தது எனலாம்.

யானை மறித்த தடம்

இப்பாதை திறக்கப்பெற்ற மறு ஆண்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி மலாயா இருப்புப்பாதை வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றுள்ளது. 1894ஆம் ஆண்டு செப்டம்பர் திங்கள் 17ஆம் நாள், தெலுக் ஆன்சன் தடத்தில் வந்துகொண்டிருந்த இரயில் வண்டியின்மீது ஒரு காட்டு யானை பாய்ந்தது. தன் கூட்டத்தைக் காக்கும் பொருட்டு அது இரும்பு இயந்திரத்தை எதிர்த்து மோதியது, வண்டி தடம் புரண்டது, யானையும் மாண்டது. அவ்விடத்தில் அதனைப் புதைத்து, தன் கூட்டத்திற்காக உயிர்நீத்த யானை இங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளது என்னும் கருத்தமைந்த அறிவிப்புப் பலகை ஒன்றையும் தடத்தோரத்தில் நட்டு வைத்தனர்.

எதிர்த்து நின்ற விலங்கின் வீரத்தை மதித்து, அதன் பெயரால் நாளும் ஆண்டும் பொறித்துப் பலகை நட்டவர்களின் பண்பு பாராட்டத்தக்கதே. ஐங்கரனை வழிபடும் மக்கள் அந்நிகழ்ச்சியைக் கேட்டு உள்ளம் நெகிழ்வதும் இயல்பே. எனினும், அதே தடத்திற்காகக் காட்டை வெட்டி, சதுப்பு நிலத்தில் மண்கொட்டி, சிலிப்பர் கட்டைகளைத் தோளில் சுமந்த மனிதர்களுக்கு நாளோ ஆண்டோ பொறித்த பலகை எதுவும் நடப்படவில்லை. யானைக்குக் கிடைத்த அந்த ஒரு பலகை, கிடைக்காதோரின் நினைவையும் எழுப்பி நிற்கின்றது.

தாய்த்தடம் கிளைத்தடமாகியது

தெலுக் ஆன்சன் தடத்தைக் ‘கிளைத்தடம்’ என்று அழைப்பது பிற்கால வழக்கமே. தொடக்கத்தில் அதுவே தாய்த்தடம். ஈப்போவிலிருந்து புறப்பட்ட வண்டி தாப்பா ரோடு வந்து, அங்கிருந்து மேற்கே திரும்பித் துறைமுகத்தை அடைந்தது. தாப்பா ரோட்டுக்குத் தெற்கே அப்போது இருப்புப்பாதை இல்லை. அந்நாளில் அது சந்திப்பு நிலையமாகவும் இருக்கவில்லை; வழியில் இருந்த ஒரு நிலையமாகவே இருந்தது.

1901ஆம் ஆண்டில் ஐக்கிய மலாய் மாநிலங்களின் இருப்புப்பாதைகள் ஒரே நிர்வாகத்தின்கீழ்க் கொண்டுவரப்பெற்றன. தனித்தனியே கடலை நோக்கி ஓடிய பாதைகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெரும்பணி நடைபெற்றது. 1903ஆம் ஆண்டில், பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள பிறையிலிருந்து சிரம்பான் வரை தொடர்ச்சியான பாதை உருவாயிற்று. 1909ஆம் ஆண்டில் அது ஜொகூர் பாரு வரை நீண்டது. ஜொகூர் நீரிணையின் குறுக்கே கல்லணைப் பாலம் அமைந்த பின்னர், 1923ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூர் வரை வண்டிகள் நேரே சென்றன.

இவ்விணைப்பே தாப்பா ரோட்டைச் சந்திப்பாக்கியது. அதே இணைப்பே தெலுக் ஆன்சனின் முதன்மையைக் குறைக்கவும் செய்தது. கிந்தாவின் ஈயம் இனி வடக்கே பிறைக்கும் பட்டர்வொர்த்துக்கும் நேரே செல்ல முடிந்தது. தெற்கே, 1901இல் திறக்கப்பெற்ற போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கும் இரயில் வழி உண்டாயிற்று. ஆற்று வண்டலோடு போராடிய உள்நாட்டுத் துறைமுகம் ஆழ்கடல் துறைமுகங்களோடு போட்டியிட இயலவில்லை. தாயாக இருந்த தடம் கிளையாயிற்று. கிளையாக வந்தது தாயாயிற்று. காலம் மாறும்போது பெரியது சிறியதாகும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

கடவையும் காவலும்

இருப்புப்பாதையும் சாலையும் ஒரே மட்டத்தில் ஒன்றையொன்று வெட்டும் இடமே கடவை. மக்கள் வழக்கில் அது ‘ரயில்வே கேட்’. இருப்புப்பாதைக்கு முதியோர் வழங்கிய பெயர் ‘கம்பிச் சடக்கு’. மாட்டு வண்டியும் மிதிவண்டியும் பால் சுமப்போரும் பள்ளிப் பிள்ளைகளும் கடக்கும் அவ்விடத்தில் ஒரு காவலர் இருப்பார். வண்டி வரும் செய்தி நிலையத்திலிருந்து கிடைத்ததும் அவர் கதவைச் சாலைக்குக் குறுக்கே இழுத்து மூடுவார்; இரவானால் சிவப்பு விளக்கு ஏற்றுவார்; வண்டி கடந்து, அதன் கடைசிப் பெட்டியின் விளக்கைக் கண்ட பின்னரே கதவைத் திறப்பார். அவர் அயர்ந்த ஒரு நிமிடம் பல உயிர்களுக்கு உலை வைக்கக்கூடியது. புகழோ பெயரோ இல்லாத பொறுப்பு அது.

சந்திப்பு நிலையத்தின் பணி அதனினும் நுணுக்கமானது. ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரு வண்டிகள் வந்துவிடாமற் காக்க, ‘டோக்கன்’ முறை கையாளப்பட்டது. ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடைப்பட்ட தடத்திற்கு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு டோக்கன்தான் இயந்திரத்திலிருந்து வெளிவரும். அதனைக் கையிற் பெற்ற ஓட்டுநர் மட்டுமே அத்தடத்தில் வண்டியைச் செலுத்தலாம். பெரிய வளையம் ஒன்றில் கோத்துக் கொடுக்கப்படும் அதனை, ஓடும் வண்டியிலிருந்தே கைநீட்டி வாங்கிக்கொள்வதும் உண்டு. சந்திப்பில் எந்த வண்டி எத்தடத்திற் செல்லவேண்டும் என்பதற்கேற்பத் தண்டவாள நாக்குகளைத் திருப்பிவைப்பவர் பாயிண்ட்ஸ்மேன். கிளைத்தட வண்டி, தலைமைத் தட வண்டியின் வருகைக்காகக் காத்து நிற்கும். ஒரு வண்டி தாமதித்தால் மற்றொன்றும் தாமதிக்கும். ஒருவர் கடமை தவறினால் அனைவரும் அல்லலுறுவர்.

இப்பணிகளிற் பெரும்பங்கு தமிழர்களைச் சார்ந்தது. நிலையத் தலைவர்களாகவும் எழுத்தர்களாகவும் கார்டுகளாகவும் பணியாற்றியோரிற் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர்கள். ஆங்கிலக் கல்வி அவர்களுக்கு அவ்வாயிலைத் திறந்தது. தடத்தைப் பழுது பார்க்கும் ‘கேங்’ குழுக்களில் மண்டோரின் கீழ் உழைத்தோரிற் பெரும்பாலோர் தமிழகக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். செங்கால் மரச் சிலிப்பர்களின் அடியில் கல் இறுக்குவதும், தளர்ந்த ஆணிகளை அடித்து இறுக்குவதும், மழைவெள்ளம் அரித்த கரையை உயர்த்துவதும் அவர்களுடைய அன்றாடப் பணிகள். ஒரே தமிழ் மொழி பேசியும், மேசையருகே அமர்ந்தோரும் தடத்தில் நின்றோரும் வேறுவேறு வீட்டு வரிசைகளில் வாழ்ந்தனர் என்பதையும் வரலாறு மறைக்க வேண்டுவதில்லை.

தடத்தோரத் தெய்வங்கள்

இருப்புப்பாதை சென்ற வழியெல்லாம் வழிபாடும் சென்றது. காட்டின் நடுவே, பாம்புக்கும் புலிக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி உழைத்த மக்கள், மரத்தடியில் ஒரு கல்லை நிறுத்தி முனீசுவரரை வேண்டினர். ஒரு சூலம் நட்டு அம்மனை அழைத்தனர். அக்கல்லும் சூலமும் நாளடைவில் கீற்றுக் கொட்டகையாகி, தகரக் கூரையாகி, கோபுரம் தாங்கிய ஆலயமாக வளர்ந்த வரலாறுகள் பல. சிங்கப்பூரில், குவீன்ஸ்டவுன் பகுதியில் உள்ள ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம், 1930களின் தொடக்கத்தில் மலாயா இரயில்வே ஊழியர்கள் அமைத்த சிறு வழிபாட்டிடத்திலிருந்து வளர்ந்ததேயாகும். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஸ்ரீ கந்தசுவாமி ஆலயத்தை எழுப்பிய இலங்கைத் தமிழர்களிடையே இரயில்வேப் பணியாளர் பலர் இருந்தனர். செந்தூல் இரயில்வேப் பட்டறையைச் சூழ்ந்தும் ஆலயங்கள் எழுந்தன.

பத்துமலைக்கு 1905ஆம் ஆண்டில் ஒரு கிளைத்தடம் அமைந்தது. சுண்ணாம்புக் கல் ஏற்றுவதற்குப் பயன்பட்ட அத்தடம், தைப்பூசக் காலத்தில் பக்தர்களையும் சுமந்தது. பல்லாண்டு கழித்து, 2010ஆம் ஆண்டில் மின்சார இரயில் சேவையாக அது புத்துயிர் பெற்றது. பக்தர்கள் நாடிய கிளைத்தடம் பிழைத்தது. சரக்கை மட்டும் நம்பியிருந்த கிளைத்தடங்கள் பல மறைந்தன. சிந்திக்கத்தக்க வேறுபாடு இது.

மலைக்கு ஏறிய வழி

வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் 1885ஆம் ஆண்டில் இம்மலைப் பகுதியைக் கண்டறிந்து குறிப்பெழுதினார்; அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. தைப்பிங்கில் முதல் இரயில் ஓடியதும் அதே ஆண்டுதான். ஆயினும் நாற்பது ஆண்டுகள் வரை மலை காடாகவே கிடந்தது. சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் 1925ஆம் ஆண்டில் இங்கு வந்து பார்த்த பின்னரே மலைவாழிடம் அமைக்கும் திட்டம் வலுப்பெற்றது. தாப்பாவிலிருந்து சாலை வெட்டும் பணி 1920களின் பிற்பகுதியில் நடைபெற்று, 1930களின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் மேலேறத் தொடங்கின. 1929ஆம் ஆண்டில் ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். பிற தோட்டங்களும் தொடர்ந்தன.

நீலகிரியில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899ஆம் ஆண்டிலும், உதகை வரை 1908ஆம் ஆண்டிலும் பல்சக்கர இரயில் ஏறியது. இலங்கையில் 1885ஆம் ஆண்டிலேயே நானுஓயா வரை இரயில் சென்று தேயிலையைக் கொழும்புக்கு இறக்கியது. அவ்வாறிருக்கக் கேமரன் மலைக்கு மட்டும் இரயில் வாராமைக்குக் காரணம் அதன் காலமே. இம்மலை திறக்கப்பெற்றபோது லாரியும் மோட்டார் காரும் வந்துவிட்டன. இருப்புப்பாதை தாப்பா ரோட்டிலேயே நின்றது. அதற்கு மேல் ஏறும் பொறுப்பைத் தார்ச்சாலை ஏற்றுக்கொண்டது.

தமிழகத்திலிருந்து வந்தோரின் பயணத்தைத் தொடர்ந்து நோக்கினால் ஒரு வியப்பு தோன்றும். சோழநாட்டுச் சிற்றூரிலிருந்து புறப்பட்டவர் தென்னிந்திய இரயில்வேயின் மீட்டர் அகலப் பாதையில் நாகப்பட்டினம் வந்தார். அங்கிருந்து ரஜுலா போன்ற கப்பலின் மேல்தளத்தில் வங்கக் கடலைக் கடந்து பினாங்கை அடைந்தார். அங்கே நோய்த் தடுப்பு முகாமில் நாள்கள் சில கழித்து, பிறையில் மீண்டும் ஒரு மீட்டர் அகலப் பாதை இரயிலில் ஏறினார். கடலுக்கு இப்பாலும் அப்பாலும் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் ஒன்றே. பிறந்த மண்ணும் புகுந்த மண்ணும் மட்டுமே வேறு. மலைத்தோட்டத்துக்குச் செல்வோர் தாப்பா ரோட்டில் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி, லாரியேறி, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைவுச் சாலையில் குளிர் காற்றை முதன்முதலாக உணர்ந்தபடி மேலே சென்றனர். கங்காணி முறையிலும் பிற வழிகளிலும் நடைபெற்ற ஆள் வரவு, 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் விதித்த தடையோடு நின்றது. அதுவரை வந்தோரும், சமவெளி இரப்பர் தோட்டங்களிலிருந்து மாறி வந்தோருமே இம்மலையின் மூத்த குடிகள்.

மலையில் விளைந்த தேயிலையும் காய்கறியும் தாப்பா வழியாகவே கீழே இறங்கின. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிம்பாங் பூலாயிலிருந்து மற்றொரு சாலை திறக்கப்படும் வரை, மலைக்கும் நாட்டுக்கும் இடையே இருந்த வாயில் தாப்பா ஒன்றே.

சயாமுக்குச் சென்ற தண்டவாளம்

ஒரே அகலமுடைய பாதை நன்மைக்கு மட்டும் பயன்படவில்லை. 1918ஆம் ஆண்டில் பாடாங் பெசாரில் மலாயா இருப்புப்பாதையும் சயாம் இருப்புப்பாதையும் இணைந்தன. பர்மாவிலும் அதே மீட்டர் அகலம். ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியபோது, சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதையை மிகக் குறுகிய காலத்தில் அமைக்கத் துணிந்ததற்கு இவ்வொற்றுமையும் துணை நின்றது. இங்குள்ள தண்டவாளத்தைப் பெயர்த்து அங்கே பொருத்தலாம். இங்குள்ள வண்டியை அங்கே ஓட்டலாம். மலாயாவின் கிழக்குக் கரைத் தடத்தின் பெரும்பகுதி இவ்வாறு பெயர்த்தெடுக்கப்பட்டது. அது மீண்டும் முழுமை பெற 1953ஆம் ஆண்டு வரை ஆயிற்று. தம்பினிலிருந்து மலாக்கா சென்ற கிளைத்தடமும் பெயர்க்கப்பட்டது. அது திரும்ப அமையவே இல்லை.

தண்டவாளத்தோடு மனிதர்களும் பெயர்த்தெடுக்கப்பட்டனர். குறுகிய கால வேலை, நல்ல கூலி, உணவு என ஆசை காட்டியும், பின்னர் வலிந்து பிடித்தும் மலாயாவிலிருந்து மட்டும் 75,000க்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களிற் பெரும்பான்மையினர் தோட்டப்புறத் தமிழர்கள். சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு அவர்கள் வடக்கே சென்றனர். சிலாங்கூர், நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து மேற்குக் கரைத் தடத்தில் வடக்கு நோக்கிச் சென்ற வண்டிகள் தாப்பா ரோடு நிலையத்தைக் கடந்தே செல்லவேண்டியிருந்தது. தந்தையரும் தமையன்மாரும் நம்பிக்கையோடு வந்திறங்கிய அதே மேடையை ஒட்டி, மூடிய பெட்டிகளில் பிள்ளைகள் கடந்து சென்றனர்.

1943ஆம் ஆண்டு அக்டோபர் திங்கள் 17ஆம் நாள் அப்பாதையின் இரு முனைகளும் இணைந்தன. வாந்திபேதி, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, பட்டினி, அடி, உதை ஆகியவற்றால் மாண்ட ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 90,000 என மதிப்பிடப்படுகின்றது. மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் 12,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழ 7,000 பேருக்குக் காஞ்சனபுரி நகரிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உள்ளன. தமிழ்த் தொழிலாளர்களுக்கோ காடே சுடுகாடாயிற்று. பெயர் எழுதிய கல் இல்லை. திதி கொடுக்க நாள் தெரியவில்லை. எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னர், 2023ஆம் ஆண்டில்தான் காஞ்சனபுரியில் ஒரு புத்த ஆலய வளாகத்தில் அவர்கள் நினைவாக நடுகல் ஒன்று நாட்டப்பெற்றது. தெலுக் ஆன்சன் யானைக்கு உடனே கிடைத்தது, அவர்களுக்கு எண்பது ஆண்டுகளில் கிடைத்தது.

மறைந்த கிளை

போருக்குப் பின்னர் தெலுக் ஆன்சன் கிளைத்தடத்தில் வண்டிகள் தொடர்ந்து ஓடின. ஆயினும் சாலைகள் சீராயின. லாரிகளும் பேருந்துகளும் வாசலுக்கே வந்தன. சந்திப்பில் இறங்கி, மற்றொரு வண்டிக்குக் காத்திருக்கப் பயணிகள் விரும்பவில்லை. 1982ஆம் ஆண்டில் ஊரின் பெயர் தெலுக் இந்தான் என மாற்றப்பெற்றது. 1980களின் இறுதியோடு அத்தடத்தில் வண்டிகளும் நின்றன. பின்னர்த் தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. நூறாண்டை எட்டுவதற்குச் சற்று முன்னரே அத்தடத்தின் ஆயுள் முடிந்தது.

தலைமைத் தடமும் உருமாறியது. ரவாங்கிலிருந்து ஈப்போ வரை மின்மயமாக்கப்பட்ட இரட்டைத் தடம் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அமைக்கப்பெற்றது. 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்கள் ஈ.டி.எஸ். எனப்படும் மின்சார விரைவு இரயில் சேவை தொடங்கிற்று. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டிகளுக்குச் சமதளக் கடவைகள் ஆகா. ஆதலால் அவை மூடப்பட்டு மேம்பாலங்கள் எழுந்தன. கதவு மூடிய காவலரும் இல்லை. விளக்கேற்றும் கையும் இல்லை. விபத்துகள் குறைய வழி பிறந்தமை பெரும் நன்மையே. அதனைக் குறைகூற இடமில்லை. ஆனால், ஒரு வாழ்க்கை முறை அத்தோடு முடிந்தது என்பதும் உண்மை. தாப்பா ரோடு இன்றும் மின்சார இரயில் நின்று செல்லும் நிலையமே. கேமரன் மலைக்கு வருவோர் இன்றும் அங்கு இறங்குகின்றனர். அங்கே மேற்கே திரும்பிய தடம் ஒன்று இருந்தது என்பதை அறிந்தோர் மட்டும் குறைந்து வருகின்றனர்.

நினைவு காத்தல்

தாப்பா ரோட்டின் வரலாறு கூறும் பாடம் ஒன்றே. கிளைத்தடம் என்று பிற்காலத்தார் எண்ணியது முற்காலத்தில் தாய்த்தடமாக இருந்தது. அவ்வாறே, பிறர் எழுதிய வரலாற்றில் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறாத தொழிலாளர்களே இந்நாட்டின் இருப்புப்பாதைக்கும் தோட்டத்திற்கும் அடித்தளமாக இருந்தனர். தண்டவாளத்தைப் பெயர்த்தாலும் அது கிடந்த கரை சில காலம் நிலத்தில் தெரியும். கரையும் கரைந்த பின்னர், நினைவு ஒன்றே எஞ்சும். அந்நினைவும் முதியோர் மறைவோடு மறைந்துவிட்டால், தேடி எடுக்க வேறு இடமில்லை.

ஆலயம் என்பது வழிபடும் இடம் மட்டுமன்று. ஒரு சமுதாயத்தின் நினைவு தங்கும் இடமுமாகும். கல்வெட்டில் கொடையாளர் பெயரைப் பொறித்து வைத்த மரபு தமிழர் மரபு. அம்மரபின் தொடர்ச்சியாக, இம்மலையின் ஒவ்வொரு குடும்பமும் தன் முன்னோர் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எவ்வழியே வந்தனர் என்பதை எழுதி வைத்தல் தகும். பெட்டியின் அடியிற் கிடக்கும் பழைய கடவுச்சீட்டு, இரயில்வேப் பணிச்சான்று, சயாம் சென்று திரும்பாத பாட்டனாரின் மங்கிய புகைப்படம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கல்வெட்டே. திருவிழாவுக்கு வீடு திரும்பும் இளைஞர், மூத்தோரின் அருகே ஒரு மணி நேரம் அமர்ந்து கேட்டு எழுதினால், அதுவே அம்முன்னோர்க்கு நடப்படும் பலகையாகும்.

தேர் வலம் வரும் நாளில் வடம் பிடிக்கும் கைகள் பல. முன்னே நிற்போர் கண்ணுக்குத் தெரிவர்; பின்னே நின்று தள்ளுவோர் தெரியார். தேர் நகர்வது இருவராலுமே. மலைக்கு வழிவிட்ட அந்தப் பழைய சந்திப்பில் தடமிட்டோரும், கதவு காத்தோரும், வந்திறங்கியோரும், திரும்பாது போனோரும் அவ்வாறு பின்னே நின்றவர்கள். இத்திருவிழா நன்னாளில் அவர்கள் அனைவரையும் நன்றியோடு நினைந்து வணங்க எல்லாம்வல்ல இறைவன் திருவருள் துணைபுரிவதாக.